சீட்டில் எழுத முடியாத வியாதி

உங்கள் பதினாறாவது வயதுக்கு ஒரு நிமிஷம் போய்விட்டு வாருங்கள். உடம்பில் எங்கேயோ என்னவோ மாறியிருக்கிறது. அது வியாதியா, எல்லோருக்கும் வருவதா, இல்லை ரகசியமாகச் செய்த ஏதோ பாவத்துக்குக் கிடைத்த தண்டனையா... தெரியவில்லை. யாரிடம் கேட்டீர்கள்?

அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். அப்பாவிடம்... சான்ஸே இல்லை! வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அப்பாவோடு வாக்கிங் போகிறவர். மிச்சம் இருந்தது கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன்தான். அவனுக்கும் உங்கள் வயசு. ஆனால், பேச்சு மட்டும் எம்.டி. ரேஞ்சில் இருக்கும். பெண்ணாக இருந்தால், கல்யாணமான பெரியம்மா மகள் யாராவது தீபாவளிக்கு வரும் வரை காத்திருந்திருப்பீர்கள்.

இந்தக் கேள்விக்காகவே ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த ஒருவரும் இருந்தார். அவர் நோட்டீஸ் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும். மாதத்தில் எந்தத் தேதி, எந்த ஊர், எந்த லாட்ஜ், எத்தனையாம் நம்பர் அறை... ரயில்வே டைம்டேபிள் தோற்றுவிடும்!

2000-களின் நடுவில், நான் நிருபர் வேலைக்குப் புதுசு. காவிரிக் கரையில் ஓர் ஊர். ஒரு கட்டுரைக்காக அப்படிப்பட்ட லாட்ஜ் ஒன்றின் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். என்னையும் 'பேஷன்ட்' என்றுதான் நினைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் எதிர்ச் சுவரில் தொங்கிய கேலண்டரை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் மேலே கலர் சட்டை, கீழே ஸ்கூல் யூனிஃபார்ம் பேன்ட்.

அவர்களில் ஒருத்தனோடு டீக்கடையில் பேசினேன். ப்ளஸ் டூ. கன்சல்டேஷன் முந்நூறு ரூபாய், லேகியம் ஆயிரத்து இருநூறு. கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணமாம். "நரம்பெல்லாம் செத்துக்கிட்டிருக்குன்னு சொன்னாருண்ணே. ஆறு மாசம் மருந்து சாப்பிடணுமாம்" என்றான். கண்ணில் தண்ணீர். அவனுக்கு இருந்த பிரச்னை என்ன தெரியுமா? தூக்கத்தில் விந்து வெளியேறுவது. அதாவது, அவனுக்கு இருந்தது வியாதியே இல்லை. வயசு!

நான் பி.காம். படித்தவன். நரம்பு, ஹார்மோன் எல்லாம் எனக்கு ஆகாத சப்ஜெக்ட். ஆனால், ஒரு கடை ஏன் ஓடுகிறது, ஒரு கடை ஏன் ஈ ஓட்டுகிறது என்பதைப் பற்றி மூன்று வருஷம் பாடம் எழுதியிருக்கிறேன். அந்தக் கண்ணோடு பார்த்தால், லாட்ஜ் வைத்தியர் பெரிய ஆள். கடையைப் பையனின் சொந்தத் தெருவில் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டார். ஸ்கூல் விட்ட பிறகும் திறந்திருந்தார். பேர் கேட்கவில்லை, டோக்கன் நம்பர்தான். 'அப்பாவைக் கூட்டிட்டு வா' என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பையன் சொல்வதை முழுசாகக் கேட்டார். சர்வீஸ் ஏ ஒன்! சரக்கு மட்டும்தான் போலி.

இப்போது எதிர்க் கடைக்கு வாருங்கள். அங்கே சரக்கு அசல். விலையும் இலவசம்.

'அடலசன்ட் ஃப்ரெண்ட்லி ஹெல்த் கிளினிக்' என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பத்தில் ஒன்பது பேர் 'இல்லை' என்றுதான் சொல்வீர்கள் என்பது என் கணிப்பு. வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு என்றே அரசு ஆஸ்பத்திரிகளில் தனியாக ஓர் அறை, ஒரு கவுன்சலர் என்பது ஐடியா. உலக அளவில் இது பழைய சங்கதி. ஸ்வீடனில் போர்லாங்கே என்ற சின்ன ஊரில் 1970-லேயே இளைஞர்களுக்கான கிளினிக்கைத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் 2005, 2006 வாக்கில் திட்டமிட ஆரம்பித்து, 2014 ஜனவரி 7-ம் தேதி 'ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்' என்று பெரிதாகத் தொடங்கினார்கள். பத்து வயது முதல் பத்தொன்பது வரை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த வயதில் இருந்தவர்கள் சுமார் 25 கோடி பேர். ஒரு கடைக்கு இதைவிடப் பெரிய மார்க்கெட் வேண்டுமா?

ஒவ்வொரு மாநிலமும் அழகழகாகப் பெயர் வைத்தன. மேற்கு வங்கத்தில் 'அன்வேஷா', ஒடிஷாவில் 'ஷ்ரத்தா', மகாராஷ்டிராவில் 'மைத்ரி', ராஜஸ்தானில் 'உஜாலா' (சொட்டு நீலத்தை நினைக்காதீர்கள், வெளிச்சம் என்று அர்த்தம்). பீரியட்ஸ், பாலியல் சந்தேகம் மட்டுமல்ல... சத்துக் குறைவு, மனக் கஷ்டம், குடி, புகை, அடிதடி, பின்னாளில் வரப்போகிற சர்க்கரை வரைக்கும் எல்லாமே இந்தத் திட்டத்தில் உண்டு. கிராமத்தில் பிள்ளைகளுக்குள்ளேயே சிலரைத் தேர்ந்தெடுத்து 'சாத்தியா', அதாவது தோழன், என்று பயிற்சி கொடுக்கவும் ஏற்பாடு. அவர்களுக்காக 2017 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கையேட்டில், ஆண் பிள்ளை அழுவது தப்பில்லை என்பதும், பெண் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான் என்பதும் இருந்தது. அரசாங்கப் புத்தகத்தில்! அதைப் படித்து அசந்துபோனவர்களில் நானும் ஒருவன்.

சரி, அசல் சரக்கு, இலவசம், இத்தனை பெரிய மார்க்கெட். கூட்டம் அலைமோத வேண்டாமா?

ஒரு மாவட்டத் தலைநகரின் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். மாத்திரை க்யூவைத் தாண்டி, எக்ஸ்-ரே அறையைத் தாண்டி, ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் 'நம்பிக்கை மைய'த்துக்கு அடுத்த கதவு. நம்பிக்கை மையம் அருமையான சேவை, சந்தேகமில்லை. ஆனால், பதினாறு வயசுப் பையன் அந்தப் பக்கம் நடந்து போவதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும், கதை முடிந்தது.

கவுன்சலர் முப்பது வயசு சொல்லலாம். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். மேஜை மேல் ஒரு ஃபைல், பக்கத்தில் பிளாஸ்க். "ஸ்கூலுக்கு நாங்க போய்ப் பேசுற நாள்ல கேள்வி மழையா கொட்டும் சார். சீட்டுல எழுதிப் போடச் சொல்வோம், பேர் வேண்டாம்னு. நூறு சீட்டு வரும். ஆனா, இங்க தேடி வர்றது..." என்று விரலைப் பார்த்தார். எண்ணிவிடலாம் என்று அர்த்தம்.

ஏன் வரவில்லை? ஓ.பி. நடப்பது காலையில். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்கிறது. வர வேண்டுமென்றால் லீவு லெட்டர் வேண்டும், லெட்டரில் காரணம் வேண்டும், கீழே அப்பா கையெழுத்து வேண்டும். கஸ்டமரைப் பூட்டி வைத்துவிட்டுக் கடையைத் திறக்கிற வியாபாரம்!

அதையும் தாண்டி ஒருத்தன் வந்துவிட்டான் என்று வையுங்கள். ஓ.பி. சீட்டு போட வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் நல்லவர்தான், ஆனால் அவர் குரலுக்கு வால்யூம் ஒன்றுதான். "பேரு? வயசு? என்ன பண்ணுது தம்பி?" பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அதில் ஒருத்தர் அவன் தெருவில் பால் ஊற்றுகிறவராக இருக்கலாம். பையன் என்ன சொல்வான்? "தலைவலி."

"எங்க ஃபைலை எடுத்துப் பாருங்க சார், பாதிப் பேருக்குத் தலைவலிதான். மீதிப் பேருக்கு வயித்துவலி" என்று சிரித்தார் கவுன்சலர்.

உள்ளே வந்த பிறகும் விஷயம் உடனே வராதாம். முதலில் முகப்பரு. அடுத்தது, 'உயரமா வளர்றதுக்கு மாத்திரை இருக்கா மேடம்?' அப்புறம் முடி கொட்டுவது. பத்து நிமிஷம் இப்படியே போகும். எழுந்து, 'தேங்க்ஸ் மேடம்' சொல்லி, கதவு வரைக்கும் போய், தாழ்ப்பாளில் கை வைத்த பிறகு திரும்பி, 'மேடம், இன்னொண்ணு...' என்பார்களாம். "அந்த இன்னொண்ணுதான் சார் கேஸு. அதுக்கு முன்னாடி பேசினதெல்லாம் என்னை எடை போட்டுப் பார்க்கறது."

அப்படித் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு ஒரு பையன் கேட்டது, லாட்ஜ் வராந்தாவில் நான் கேட்ட அதே கதை. வருஷம் இத்தனை ஆகியும் கதை மாறவில்லை, நோட்டீஸ்தான் சுவரிலிருந்து செல்போனுக்குப் போயிருக்கிறது. "இது எல்லாருக்கும் உண்டு தம்பி. இதனால ரத்தமும் குறையாது, நரம்பும் தளராதுன்னு சொன்னேன். ஆறு மாசமா சரியாத் தூங்கலையாம் சார் அவன். இங்க அஞ்சு நிமிஷம். ஆண் கவுன்சலர் ஒருத்தர் இருந்தா இன்னும் நல்லா இருக்கும். அந்த போஸ்ட் காலி" என்றார்.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் சின்னக் கவலை என்று நினைத்தால், கொஞ்சம் நம்பர் பாருங்கள். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 சொல்வது: 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்த சோகை. பையன்களிலும் 31 பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குள் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்னை. நாற்பது பேர் உட்காரும் வகுப்பு என்றால் கிட்டத்தட்ட மூன்று பேர். 2022-ல் மட்டும் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். இவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு கதவின் தாழ்ப்பாள் வரைக்கும் போய்த் திரும்பினார்களோ! நேரில் போகத் தயங்குகிற பிள்ளைகளுக்கு 14416 என்ற நம்பர் இருக்கிறது, மனநல ஆலோசனைக்கு. 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இலவசம். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், காஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே எழுதி வையுங்கள். யாருக்கு என்று சொல்ல வேண்டாம்.

ரகசியம் காப்பது பற்றியும் பேச வேண்டும். லாட்ஜ் வைத்தியருக்கு அதில் சிக்கலே இல்லை, அவருக்குச் சட்டம் கிடையாது. கவுன்சலருக்கு உண்டு. 2012-ல் வந்த போக்ஸோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பாலியல் உறவு என்று வாயைத் திறந்தால், அது பிள்ளையின் சம்மதத்தோடு நடந்ததாக இருந்தாலும் குற்றம். தெரிந்தவர் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில். குழந்தைகளைச் சீரழிக்கிறவர்களைப் பிடிக்க அந்தச் சட்டம் கட்டாயம் வேண்டும். அதே சட்டம், பயந்துபோய் உதவி கேட்டு வருகிற பதினேழு வயசுப் பெண்ணையும் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. கருக்கலைப்புக்கு வருகிற மைனர் பெண்ணும் அவள் கார்டியனும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குப் போகும் தகவலில் டாக்டர் அவள் பெயரையோ அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை. நல்ல தீர்ப்பு. ஆனால், அது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டுமே!

இங்கிலாந்தில் ஒரு தாய், பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பெண்ணுக்குப் பெற்றோர் அனுமதி இல்லாமல் டாக்டர் கருத்தடை ஆலோசனை சொல்லக் கூடாது என்று வழக்குப் போட்டார். 1985-ல் பிரபுக்கள் சபை வரைக்கும் போய்த் தோற்றார். விஷயம் புரிகிற முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்தால் போதும் என்பது தீர்ப்பு. நம் ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி என்று கொண்டுவந்ததற்கு, 2007-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என வரிசையாகத் தடை போட்ட தேசம் இது.

அடிக்க வருகிறவர்களில் என் சொந்த அக்காவும் உண்டு. சொல்கிறேன்.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். "டேய், உன் மருமக பண்ணின காரியம் தெரியுமா?"

அக்கா மகள் ப்ளஸ் ஒன். டியூஷன் என்று சொல்லிவிட்டு, ஒரு சிநேகிதியோடு அந்த ஊர் ஜி.ஹெச்-சுக்குப் போயிருக்கிறாள். கவுன்சலர் அறையிலிருந்து வெளியே வந்தபோது, சுகர் மாத்திரை க்யூவில் நின்ற எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"நாள் தள்ளிப்போச்சுன்னு வயசுப் பொண்ணு தனியா பெரியாஸ்பத்திரிக்குப் போனான்னா, ஊர்ல என்னடா பேசுவாங்க? நாளைக்கு இவளை யார் கட்டுவா? அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஸ்கூலை நிறுத்திடுவார்" என்று அழுதாள். கடைசி வரி சும்மா மிரட்டல் இல்லை. அத்தான் அப்படிச் செய்யக்கூடியவர்தான்.

போனை மகளிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் அழவில்லை. "மாமா, நாலு மாசமா வரலை. அம்மாகிட்ட மூணு தடவை சொன்னேன். 'படிக்கிற டென்ஷன், சரியாயிடும்'னாங்க. நாலாவது தடவை சொன்னப்ப, 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்'னாங்க. எனக்குப் பதினாறு வயசு மாமா... அதுவரைக்கும் வெயிட் பண்ணவா?"

நான் என்ன சொல்ல?

மறுபடி அக்கா. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிடா போவா?"

"கேட்டாளேக்கா. நாலு தடவை."

கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. அப்புறம் போனை வைத்துவிட்டாள்.

வயசுக்கு வந்த முதல் வருஷத்தில் பீரியட்ஸ் முன்னே பின்னே இருப்பது சகஜமாம். ஆனால், நாலு வருஷம் ஆன பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டுமாம். கவுன்சலர் அவளை அன்றைக்கே லேடி டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். ஹீமோகுளோபின் 8.6. ஸ்கூலில் வாரத்துக்கு ஒன்று நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அது என்ன ஆச்சு என்று கேட்டேன். "வெறும் வயித்துல போட்டா குமட்டுது மாமா. எல்லாருமே ஜன்னல் வழியா போட்டுடுவோம்." அந்த ஜன்னலுக்குக் கீழே உள்ள செடிகள் நல்ல ரத்தத்தோடு இருக்கும் என்று நினைக்கிறேன். தைராய்டு டெஸ்ட்டுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். ரிசல்ட்டுக்கு வரும்போது அம்மாவையும் கூட்டி வரலாமா என்று கவுன்சலர் இவளிடம் அனுமதி கேட்டாராம். அதுதான் அவளுக்குப் பெரிய ஆச்சர்யம். "என்கிட்ட கேட்டாங்க மாமா!"

அடுத்த சனிக்கிழமை நானும் போனேன். அத்தானிடம் 'சும்மா பார்க்க வந்தேன்' என்று சொல்லிவிட்டு, அக்காவையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஜி.ஹெச். அக்கா முந்தானையால் தலையை மூடிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

கவுன்சலர் அக்காவுக்கு வணக்கம் சொல்லி, "முதல்ல பாப்பாகிட்ட மட்டும் கொஞ்சம் பேசிடறேம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே மர பெஞ்சில். இருபது நிமிஷம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அக்கா முகம் அப்படி இருந்தது.

"பெத்தவ நான் வெளிய உக்காந்திருக்கேன். யாரோ ஒருத்திகிட்ட என்னத்தைடா இவ்ளோ நேரம் சொல்லிட்டிருக்கா?"

எனக்கு ஏழாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். அக்காவுக்குப் பதில் சொல்ல வரவில்லை.

கதவு திறந்தது. தைராய்டு சுரப்பு குறைவு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்குத் தனியாக, மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். அவ்வளவுதான். அக்கா, "வேற ஒண்ணும் இல்லையே?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் பொறுமையாக, "இல்லம்மா" என்றார்.

எழுந்தோம். வாசல் வரைக்கும் வந்த அக்கா, தாழ்ப்பாளில் கை வைத்தவள், திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்துவிட்டேன். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது, காதில் விழுந்துவிட்டது.

"எனக்கும் ஒண்ணு கேக்கணும்மா... ராத்திரியில திடீர்னு உடம்பெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி எரியுது. வேர்த்துக் கொட்டுது. ரெண்டு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லலை."

"எனக்குப் பத்தொம்பது வயசு வரைக்கும்தாம்மா பார்க்கச் சொல்லியிருக்காங்க" என்று கவுன்சலர் சிரிப்பது கேட்டது. ஒரு துண்டுச் சீட்டில் மகளிர் ஓ.பி. அறை நம்பரை எழுதிக் கொடுத்தார். மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு ஓ.பி. முடிந்துவிடும்.

அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சீட்டு போட மகள்தான் ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன். க்யூவில் முப்பது பேர். கவுன்ட்டரில் அதே மாதிரி ஒரே வால்யூம் குரல்.

"பேரு? வயசு? என்ன பண்ணுது அம்மாவுக்கு?"

ஒரு விநாடி யோசித்தாள்.

"தலைவலி" என்றாள்.